பாய் மானிட்டரை அணைத்த நாள்

அந்தக் குரலுக்கு நிரந்தர ஜலதோஷம். அமெரிக்கக்காரன் ஒருவன் மூக்கடைப்போடு பேசுவதுபோல் இருக்கும். மந்தைவெளி என்று அவன் சொன்னால் ஏதோ மருந்தின் பெயர் என்று தோன்றும். கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த ஓர் அட்டையிலிருந்து வந்த குரல் அது. நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் விழும் ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துச் சொல்லும். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். சீனியர் வக்கீல் கடிதங்களை கேசட்டில் பேசி வைத்துவிட்டு கோர்ட்டுக்குப் போய்விடுவார். இடது காதில் அவர் சொல்வார், வலது காதில் அவன் படிப்பான், நடுவில் நான் அடித்துக்கொண்டிருப்பேன். ஜூனியர்கள் அவனை என் வீட்டுக்காரர் என்று கிண்டல் செய்வார்கள். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லும் வீட்டுக்காரர் கிடைத்திருந்தால் எப்போதோ கல்யாணம் செய்துகொண்டிருப்பேன் என்று நானும் பதில் சொல்வேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது டாஸ். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் வரும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. வேண்டியதை வார்த்தையாகத் தட்டினால் செய்யும். கண் உள்ளவர்கள் அதைக் கரித்துக்கொட்டினார்கள். எனக்கோ அதைவிட வசதியானது வேறில்லை, ஏனென்றால் எழுத்தாக இருப்பதை எல்லாம் அவனால் படிக்க முடியும். பிறகு விண்டோஸ் வந்து எல்லாவற்றையும் படமாக்கிவிட்டது. படத்தைக் கண்டால் என் அட்டைக்கு வாயடைத்துப்போகும். என் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் கருகிய நாற்றத்தோடு உயிரை விட்டது. அந்தச் சமயம் அலுவலகத்துக்கு வந்திறங்கியவை எல்லாமே விண்டோஸ் மெஷின்கள்.

சீனியர் நல்ல மனிதர். "ஒரு வாரம் பார்ப்போம்மா. சரிப்பட்டு வரலைன்னா நீ டெலிபோனைப் பாத்துக்கோ" என்றார். பரிவோடுதான் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது. பார்வை இல்லையென்றால் டெலிபோன் எடுக்கும் வேலை என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுவதும் குழைந்து பேச என்னால் ஆகாது. ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் அடித்து முடிப்பதில் இருக்கும் சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லை. அந்த நாற்காலிக்காக நான் ஏறி இறங்காத படி கிடையாது.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தவரைப் பாய் என்றுதான் எல்லோரும் அழைப்போம். வீடு திருவல்லிக்கேணியில், பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில். புது மெஷினில், கருகாமல் தப்பிய என் பழைய அட்டைக்கேற்ற இடம் ஒன்றே ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து அதில் செருகினார். விண்டோஸோடு டாஸையும் ஏற்றினார். குரல் வந்தது. ஆனால் புது மெஷினின் வேகத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. உள்ளே எதையோ அணைத்து மெஷினையே பழையது மாதிரி மெதுவாக்கினார் பாய். இதை மட்டும் சீனியரிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, அவன் பேசவில்லை. காத்திருந்தேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். தெரிந்த ஆணைகளையெல்லாம் தட்டிப் பார்த்தேன். சீனியர் வைத்துவிட்டுப் போன கேசட் பக்கத்தில் கிடந்தது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாகப் போன குமாஸ்தாதான் திரையைப் பார்த்துச் சொன்னார், விண்டோஸா டாஸா, ஒன்றா இரண்டா என்று அது கேட்டுக்கொண்டே நிற்கிறதாம். பாய் அழகாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். அதில் ஒன்றைத் தேர்ந்த பிறகுதான் குரலே விழிக்கும். கேள்வியைப் படித்துச் சொல்ல வேண்டியவன், நான் பதில் சொல்லும்வரை தூங்குகிறான். எந்த டெலிபோன் வேண்டாம் என்றேனோ அதே டெலிபோனை எடுத்து பாயை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மத்தியானம் வந்தார். "நான் பாத்துக்கினு வேலை செஞ்சேன் மேடம். அதான் தப்பு" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. என்ன செய்தீர்கள் என்றேன். மானிட்டரை அணைத்துவிட்டாராம். நான் ஒரு நாளில் செய்யும் வேலை அத்தனையையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். இருண்ட திரைக்கு முன்னால் காதை மட்டும் நம்பி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். தடுக்கி விழுந்த இடத்திலெல்லாம் நிறுத்திச் சரிசெய்தார். பிரிண்டரில் காகிதம் தீர்ந்தபோது மெஷின் ஏன் மௌனமாக நிற்கிறது என்று தெரியாமல் கால் மணி நேரம் திண்டாடினார். "கஷ்டமா கீது மேடம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டதும் காலையில் திட்டியதற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது.

சாயங்காலம் முடித்தார். கேள்வி போய்விட்டது, மெஷின் நேராக டாஸுக்கே வரும், விண்டோஸ் வேண்டும் என்பவர்தான் ஒரு விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். "மொத பீப்பு வந்தா மெஷின் நல்லா கீது. ரெண்டாவது பீப்பு வந்தா டாஸ் வந்துச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறமும் அவன் பேசலைன்னா அட்டை லூஸு, எனக்கு போன் போடுங்க" என்றார். அதன் பிறகு இரண்டு மெஷின்கள் மாறின. ஒவ்வொரு தடவையும் பாய் முதலில் செய்த வேலை மானிட்டரை அணைப்பதுதான்.

இப்போது என் கைபேசி ஜலதோஷம் இல்லாமல் தமிழிலேயே பேசுகிறது. ஆனாலும் ஏதாவது ஒரு புதுச் செயலி பெயரில்லாத பொத்தான்களோடு வந்து என்னை ஊமையாக்கும்போது, இதைச் செய்தவர் ஒரே ஒரு மத்தியானம் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன். பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தோன்றாதது பாய்க்குத் தோன்றியது. அந்த மனிதருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அன்று கிளம்பும் அவசரத்தில் பாய் மானிட்டரைத் திரும்பப் போட மறந்துவிட்டார். எனக்கு அது எப்படித் தெரியும்? மறுநாள் கோர்ட்டிலிருந்து திரும்பிய சீனியர் என் மேஜைக்கு வந்து நின்று, "இதுவும் போயிடுச்சா?" என்று கவலையோடு கேட்டார். ஐந்தாவது கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறேன், மற்ற நான்கும் தட்டில் இருக்கின்றன என்றேன். காகிதம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நின்றபடியே நான்கையும் படித்தார். கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

அடுத்த வாரம் டெலிபோன் எடுக்க வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள்.