ரெண்டு கோட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன்

வீடு வீடா போய் கணக்கு டியூஷன் எடுக்குறவங்களே, பேப்பர்ல விழுற சிவப்புக் கோடு நம்ம முதுகுலதான் விழும்!

உடைச்சது யாரு?

எனக்கு விழுந்தது மந்தைவெளியில, பதினொண்ணாவது படிக்கிற நந்தினி வீட்ல. கேள்வி |x − 3| = −5. மாடுலஸ்ங்கிற அந்த ரெண்டு கோட்டுக்குள்ள எது போனாலும் மைனஸா வெளிய வராது, அதனால விடையே கிடையாது. ஆனா, "மாடுலஸப் பாத்தா கண்ண மூடிக்கிட்டு ரெண்டா உடை, ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ்"னு மந்திரம் மாதிரி ஓதிவிட்டது நான்தானே! அவளும் உடைச்சு, −2, 8னு எழுதி, அந்த மார்க் போனதுலயே ஃபெயில். மறுபரீட்சையும் போச்சுன்னா மேத்ஸ் குரூப்லேர்ந்து தூக்கிடுவாங்க. இன்ஜினியரிங் ஆசை அவ்ளோதான்.

அவங்க அம்மா பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. "இன்னா சார், நீங்க உடைன்னீங்க, அது உடைச்சிட்ச்சு. இப்ப யாரு சார் ஒட்றது?"

மைனஸ் ரெண்டாம் நம்பர் வீடு

மறுநாள் மந்திரத்தை மூட்டை கட்டிட்டேன். "உன் வீடு மூணாம் நம்பர்னு வெச்சுக்கோ. உன் ஃப்ரெண்டு வீடு அஞ்சு வீடு தள்ளி. எது?"

"எட்டு." யோசிச்சா. "இந்தப் பக்கம் போனா மைனஸ் ரெண்டு! ஐயே, அது எங்க தெரு முனை கால்வாய்க்குள்ள கீது சார்!"

அதான்! மாடுலஸ்னா தூரம். ரெண்டு பக்கமும் போலாம், அதான் ரெண்டு விடை. எனக்கு சேர்ல உக்காரவே முடியல. "சரி, மைனஸ் அஞ்சு வீடு தள்ளி?"

ஒரு நிமிஷம் பேனாவைக் கடிச்சா. அப்புறம் அப்படியே மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க! "சார், எந்த ஆட்டோக்காரர் சார் மைனஸ் அஞ்சு கிலோமீட்டர் ஓட்டுவாரு?"

சிக்னல்ல ஒரு கால்

இது இன்னிக்கு! தேனாம்பேட்டை சிக்னல் பக்கத்துல வண்டியை ஓரங்கட்டிட்டு ஃபோனை எடுத்தேன், நந்தினி. "சார், மறுபரீட்சை பேப்பர் குடுத்துட்டாங்க. ஒரு கணக்கு சொல்றேன். |2x + 1| + 7 = 4."

வலது பக்கம் நாலு, பிளஸ்தானே! தைரியமா உடைச்சேன். "ஒரு விடை மைனஸ் ரெண்டு, இன்னொண்ணு..."

"ஐயோ சார்! அந்த பிளஸ் ஏழை மொதல்ல அந்தப் பக்கம் தள்ளுங்க. மைனஸ் மூணு வருதா? தூரம் எப்டி மைனஸ்ல வரும்? விடையே இல்லன்னு எழுதினேன், ஃபுல் மார்க். பாஸ் சார்! மேத்ஸ் குரூப்தான்!"

ரோடுன்னும் பாக்காம கத்திட்டேன். அவ கட் பண்றதுக்கு முன்னாடி மெதுவா சொன்னா: "சார், இனிமே கண்ண மூடிக்கிட்டு உடைக்காதீங்க."

ஆழ்வார்பேட்டையில அடுத்த டியூஷன் வாசல்ல நின்னு இதை டைப் பண்றேன், மக்களே: நாம தப்பா சொன்னாலும் சரியா கத்துக்குற ஸ்டூடன்ட் ஒருத்தி கிடைச்சா போதும், இந்தத் தொழில்ல நாமளும் பாஸ்!