சூரனை இறக்கிவைத்த சாயங்காலம்

புது வார்னிஷும் ஐப்பசிச் சேறும் கலந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது. சூரசம்ஹாரத்தன்று சூரன் பொம்மையைச் சுமந்துவிட்டு வரும் என் அப்பாவின் தோளில் அடித்த வாடை அது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வரம் வாங்கித் தலைகொழுத்த சூரபத்மன் தேவர்களைச் சிறையில் போட்டான், முருகன் தாயிடம் வேல் வாங்கிப் போய் அவனைப் பிளந்தான், நல்லது வென்றது. எங்கள் ஊரில் அந்த நல்லதைச் சுமக்கும் உரிமை மேலத்தெருவுக்கு, கெட்டதைச் சுமக்கும் கடமை வயல்வேலை செய்த எங்கள் தெருவுக்கு என்று யாரோ என்றோ பிரித்துவைத்திருந்தார்கள். முருகனின் பல்லக்கை நாங்கள் தொடக் கூடாது. சூரனையோ, யானைத்தலை, சிங்கத்தலை, சொந்தத்தலை என்று மூன்றும் விழும்வரை கீழே வைக்கவே கூடாது. "வச்சா ஊருக்கு ஆகாது" என்பார்கள். அதுவரை மேலத்தெரு விடலைகள் சூரன்மேல் சேற்றை அள்ளி எறிவார்கள். அதற்குப் பெயர் "சூரனடி", செய்தால் புண்ணியமாம்! சூரன் உயரத்தில் இருந்தான், சேறெல்லாம் சுமப்பவர்கள் முகத்தில்தான் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைச் "சூரன் மக" என்று கூப்பிட்டார்கள். நானும் முருகனைக் கும்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

நான் ஆறாவது படித்த வருஷம், தர்மகர்த்தாவின் மகன் சேற்று உருண்டைக்குள் கொட்டாங்குச்சியை வைத்து எறிந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்பாவின் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. யானைத்தலைகூட இன்னும் விழவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "இறக்கிட்டு வாங்க! ஊருக்கு ஆகாட்டி போவட்டும்!"

அப்பா இறக்கினார். கூடச் சுமந்த ஆறு பேரும் தோளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். நடுத்தெருவில் சூரன் நிற்க, எதிரே வேலும் கையுமாக முருகன் நிற்க, சண்டையை நடத்த ஆளில்லை. அசுரனைத் தன் தோளில் ஏற்ற மேலத்தெருவில் ஒருவருக்கும் மனசு வரவில்லை. தர்மகர்த்தா எங்கள் வாசலுக்கே வந்து, "டேய், சாமி காத்துக்கிட்டு நிக்குதுடா" என்று உறுமினார்.

"தோள் உங்களுக்கும் இருக்குங்களே ஐயா" என்றார் அப்பா, புருவத்தில் துணியை அழுத்தியபடி.

அந்த வருஷம் சூரன் சாகவில்லை, மழையில் சாயம் கரைந்து அங்கேயே நின்றான். தண்டனையாக, அந்தச் சம்பா முழுக்க எங்கள் தெருவில் ஒருவரையும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. அம்மா பஸ் ஏறித் திருவாரூரில் சித்தாள் வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு அந்தக் கண்ணில் கடைசிவரை பார்வை சரியாகவில்லை.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன். சுமக்கிற வழக்கமும் சூரனடியும் ஒழிந்துவிட்டன. சூரன் டிராக்டரில் வருகிறான். மயிலாடுதுறையில் கல்லூரி ஆசிரியை என்பதால் எனக்கு நாற்காலி போட்டார்கள். எறிந்த அதே மகன், இப்போது அவர்தான் தர்மகர்த்தா, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு எந்தப் பயலோ தெரியாம எறிஞ்சிட்டான். பழசையெல்லாம் மறந்துடணும்ங்க மேடம்."

"நீங்கதான் எறிஞ்சீங்க. நான் பாத்தேன்" என்றேன்.

அதற்குள் மைக்கில் அதர்மம் அழிந்தது என்று அறிவித்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, எல்லோரையும்விட உரக்க அரோகரா போட்டார்.