வலி இல்லை என்று எழுதிய கை

சலவைக்கூடத்து அக்காவுக்கு எதற்கும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நீராவி எந்திரத்துக்குள் தள்ளுவதும், மறுபக்கம் வந்து விழுவதை மடிப்பதுமாகப் பல வருஷம் ஓடிவிட்டது. விரல்கள் மரத்துப்போயின. புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட, "சரி, போகட்டும்" என்றுதான் சொன்னாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் ‘கல்லு’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

ஒருநாள் ஏதோ கருகும் வாடை. விரிப்புதான் என்று நினைத்துத் திரும்பினாள். அட கண்றாவியே, கருகியது அவளுடைய விரல்!

மகள் பள்ளிக்கூடம் போகிறவள்தான், வாய் மட்டும் வக்கீல் வாய். திட்டித் தீர்த்து, அம்மாவை இலவச முகாமுக்கு இழுத்துப் போனாள். பூட்டிக் கிடந்த தபால் நிலையத்தின் முன்னறையில் முகாம். இருந்தது ஒரே மேஜை. ஒரு பக்கம் மருத்துவம் படிக்கிற பையன், இன்னொரு பக்கம் சட்டம் படிக்கிற பெண். அவன் உடம்பைப் பார்ப்பான், சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கும் சட்டச் சிக்கலை அவள் பார்ப்பாள். பேர்தான் கூட்டு முயற்சி. மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"வலிக்குதாக்கா?" என்றான் பையன்.

"இல்ல தம்பி. முன்ன ராத்திரியெல்லாம் குடைஞ்சுச்சு. இப்ப இல்ல."

அவன் ‘வலி இல்லை’ என்று எழுதினான். மேற்பார்வை டாக்டர், மணிக்கட்டில் நெரிபடும் நரம்பை ஆபரேஷன் செய்து விடுவிக்க வேண்டும் என்று கீழே சேர்த்தார். செலவை ஏற்க வேண்டிய காப்பீட்டு அலுவலகம் மேல் வரியை மட்டும் படித்தது. வலி இல்லாதவருக்கு ஆபரேஷன் எதற்கு என்று கையை விரித்துவிட்டது.

சட்டக்காரப் பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"அவங்க சொன்னதத்தானே எழுதினேன்!"

"அக்கா, மேல்முறையீட்டுல ரொம்ப வலிக்குதுன்னு சொல்லிடுங்க. நாலு சொட்டுக் கண்ணீர் விட்டா இன்னும் நல்லது."

"வலிக்கலையேம்மா. இல்லாதத எப்படிச் சொல்றது?"

பையன் எதையோ யோசித்தான். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியை எடுத்து விரல் நுனியில் குத்தினான்.

"குத்துப்பா, ஏன் சும்மா இருக்கே?" என்றாள் அக்கா. ரத்தம் அதற்குள் முத்தாக எட்டிப் பார்த்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "வலி போனது நல்லதுக்கில்ல. நரம்பு செத்துக்கிட்டு வருது. இன்னும் தள்ளிப்போட்டா ரெண்டு கையும் போயிடும்."

"இத அன்னைக்கே எழுதித் தொலைக்கிறதுக்கு என்ன?" என்றாள் சட்டக்காரப் பெண்.

"தப்புதான். என் தப்புதான்."

அதற்குமேல் அவள் அவனைத் திட்டவில்லை. நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு வரிக்கும் சண்டை பிடித்து, இருவருமாக மனுவை எழுதி முடித்தார்கள். அக்கா தன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, யாருடையவையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் அதிகாரி கேட்டார். "வலி இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களேம்மா?"

"ஆமா சார். இப்பவும் இல்ல. விரல் வெந்தப்பவும் இல்ல."

அதிகாரி அந்த விரலைப் பார்த்தார். பையன் நரம்பைப் பற்றிச் சொல்ல, சட்டக்காரப் பெண் விதியைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடவில்லை என்பது அன்றைய அதிசயம். இரண்டு கைக்கும் அனுமதி கிடைத்தது. இடது தேறும், வலதுக்கு நாள் கடந்துவிட்டது, பார்க்கலாம் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

தையல் பிரித்து மாதங்கள் போயின. ஒரு காலையில், எழுந்திருக்காத மகளை உலுக்கப் போனவள் இடது கையை அவள் கழுத்தில் வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"சுடுதுடி!"

"காய்ச்சல்மா. தலை வேற பிளக்குது."

"சுடுது! எனக்குச் சுடுதுடி!"

"நான் இங்க முடியாமக் கிடக்கேன், நீ சிரிக்கிறியா?"

அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே பயமும் வந்தது. இந்தப் பிள்ளைக்கு இதற்கு முன் எத்தனை முறை, தன் கைக்குத் தெரியாமலே, இப்படிச் சுட்டதோ! வலது கையையும் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அதை எடுத்துவிட்டு, மகள் எரிச்சலோடு தட்டிவிடத் தட்டிவிட, இடது கையைத் திரும்பத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் வைத்தாள்.