பிரதம விருந்தினர்

பட்டமளிப்புக்கு மூன்று கிழமை இருக்கையில் அம்மா அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உன்ர பட்டமளிப்புக் கொண்டாட்டத்துக்கு ஹோல் புக் பண்ணியாச்சு. உன்ர புரொபசர் ஒராளைப் பிரதம விருந்தினராக் கூப்பிடு. மேடையில உன்னைப்பற்றி நாலு வார்த்தை சொல்லட்டும்."

எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்தால் மேடை வேண்டும். மேடை என்றால் பிரதம விருந்தினர் வேண்டும். நான் வசமாக மாட்டிக்கொண்டேன். நான்கு வருடத்தில் என் பெயர் தெரிந்த பேராசிரியர் ஒருவர்கூட இல்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் நான் இருந்த முதல் வகுப்பிலேயே எண்ணூறு பேர். பேராசிரியரின் முகத்தைத் திரையில்தான் பார்த்தேன். அவர் ஆராய்ச்சியில் பெரும் புள்ளி. என் விடைத்தாளைத் திருத்தியது அவருடைய ஆராய்ச்சி மாணவர் யாரோ.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது, மேலே படிக்க இன்னோர் இடம் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் வீடு இருக்கும் மில்லிக்கனில் இருந்து இரண்டு மணி நேரக் கார் ஓட்டம். சின்னக் கலைக் கல்லூரி. வகுப்பில் ஒரு மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர்தான். சும்மா பார்க்கப் போன என்னையும் பாடம் எடுத்த ஆசிரியை பேச வைத்தார். நான் சொன்னதை மறுத்து, "திரும்பச் சொல்லுங்கள்" என்றார். காது சூடேறியது. அவ்வளவு சந்தோஷம். அடுத்த கிழமை தன் கையால் எழுதி ஓர் அட்டையும் அனுப்பினார்.

அங்கேயே படிக்க விடச் சொல்லிக் கெஞ்சினேன். அப்பா அசையவில்லை. "உலகம் முழுக்கத் தெரிஞ்ச கம்பஸ் வீட்டுக்குக் கிட்டக் கிடக்கு. உந்தக் குட்டிக் கல்லூரியை ஆருக்குத் தெரியும்? சனம் கேட்டா என்னெண்டு சொல்லுறது?" நான் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

சரி, கேட்டுத்தான் பார்ப்போம் என்று ஒரு பேராசிரியரின் அறை வாசலில் வரிசையில் நின்றேன். நல்ல மனிதர், சிரித்தபடி என் மாணவர் இலக்கத்தைக் கேட்டார். அதைச் சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பினேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் உண்மையைக் கொட்டினேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப நாலு வருசமா உன்னை அங்க ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"ஓம் அப்பா."

அலுமாரியில் இருந்து அந்தச் சின்னக் கல்லூரி ஆசிரியையின் அட்டையை எடுத்து வந்து வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார். என் பெயரும், மேசையில் நான் சொன்ன கருத்தும், எங்கள் மேசையில் உங்களுக்காக எப்போதும் ஒரு கதிரை இருக்கும் என்ற வரியும் அதில் இருந்தன.

"இந்த ரீச்சருக்குப் பிள்ளையை வடிவாத் தெரிஞ்சிருக்கு," என்றார் அம்மா. "இவவைக் கூப்பிடுவமோ?"