எனக்காகப் பேசிய கார்டு

காரைக்காலில் ஒரு நூல் மில்லில் எனக்குப் பேனல் அறையில் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அங்கே வேறு வேலைகளும் கிடைத்திருக்கும். டைம் ஆபீஸில் ஆள் கேட்டார்கள். கேன்டீனில் டோக்கன் கொடுக்க ஆள் கேட்டார்கள். இரண்டிலும் மனிதர்களோடு பேச வேண்டும். பேனல் அறையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

நூல் மில்லுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகத் தண்ணீரைப் பூவாகத் தூவும் ஏற்பாடு உண்டு. அந்தத் தண்ணீர் காம்பவுண்டின் மறுகோடியில் இருந்த தொட்டியிலிருந்து வரும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்ற சேதி ஒரு கேபிள் வழியாக என் பேனலில் சொருகியிருந்த கார்டுக்கு வந்து சேரும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகைதான் கார்டு. அது விளக்கை எரிய விடும். பச்சை எரிந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது, மஞ்சள் எரிந்தால் பாதி, சிவப்பு எரிந்தால் பம்பைப் போட வேண்டும். நானும் அந்தக் கார்டும் ஒரு வார்த்தை பேசாமல் பல வருஷம் ஒற்றுமையாக வேலை செய்தோம்.

பேனல் எனக்கு முன்பே கிழடாகியிருந்தது. வெளிநாட்டில் ஏதோ மில்லில் உழைத்துக் களைத்த பிறகு கப்பலில் வந்ததாம். மேலே எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. கடற்காற்றின் உப்பு அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஏறியிருந்தது. வாரா வாரம் கார்டை உருவி, அதன் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கும் பித்தளை நிறக் கோடுகளைப் பழைய வேட்டித் துணியால் துடைத்து மறுபடி சொருகுவேன். நாளடைவில் அது இருக்கையில் ஆட்டம் கண்டது. நான் வேலைக்கு வரும் கோட்டுச்சேரி பஸ்ஸின் டிக்கெட்டை நான்காக மடித்துப் பக்கத்தில் செருகினேன். நின்றது. டிக்கெட் நைந்ததும் மறுநாள் டிக்கெட்டை வைப்பேன்.

அந்த மாதிரிக் கார்டு செய்வதைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். மில்லில் ஒரே ஒரு மாற்றுக் கார்டு இருந்தது. அது ஸ்டோர்க்காரரின் இரும்பு பீரோவில் குடியிருந்தது. ஸ்டோர்க்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருந்தால் கை அரிக்கிறது என்றுதான் வேலைக்கு வந்தார். கட்டை மீசை, காதில் ரப்பர் வைத்த பென்சில். கார்டைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று மட்டும் அதற்கு வெளியே வர அனுமதி. ஸ்பேனர், சுத்தியல், பேரிங் எல்லாம் பின்னால் நிற்க, கார்டு முன்வரிசையில் உட்காரும். இருப்பதிலேயே பளபளப்பான இடமாகப் பார்த்து அவரே சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பொரி சாப்பிடுவோம். கார்டு பீரோவுக்குத் திரும்பிவிடும்.

ஒரு கோடையில் என் விளக்குகள் மூன்றும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. தட்டிப் பார்த்தேன். டிக்கெட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. என்ஜினியர் வந்து பார்த்தார். வெளியூர்க்காரர், நல்ல மனுஷர். பீரோவிலிருந்த கார்டை ஸ்டோர்க்காரரிடம் கேட்க அவருக்கும் துணிச்சல் இல்லை.

“வேற வழி பாக்குற வரைக்கும் ஃபோன்ல கேட்டுக்கங்க. தண்ணி எவ்வளவுன்னு கேக்கணும், அவ்வளவுதானே?”

அவருக்கு அது அவ்வளவுதான். எனக்கு அப்படியில்லை. மில்லுக்குள் ஒரே லைன். கைப்பிடியைச் சுற்றினால் எல்லாப் பிரிவிலும் மணி அடிக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேட்கலாம், கேட்பார்கள். மறுமுனையில் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பாய். இளமையில் கப்பலில் போனவர். ஊர் ஊராகப் பேசித் திரிந்த மனுஷரைத் தனியாக ஒரு தொட்டியடியில் உட்கார வைத்திருந்தார்கள். பேச ஆள் கிடைக்காமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி எவ்வளவு?” என்றேன்.

“எடுத்த எடுப்புல தண்ணியா? மொதல்ல நல்லாயிருக்கீங்களான்னு கேளுங்க தம்பி.”

“நல்லாயிருக்கீங்களா?”

“அல்ஹம்துலில்லாஹ். நீங்க?”

“நல்லாயிருக்கேன். தண்ணி...”

“வீட்ல?”

“நல்லாயிருக்காங்க. தண்ணி எவ்வளவு பாய்?”

“என்ன கொழம்பு இன்னிக்கு?”

நடுவில் ஸ்பின்னிங் பிரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. “சீக்கிரம் சொல்லிட்டுத் தண்ணியக் கேளுங்கண்ணே. இங்க நூலு அறுந்துகிட்டு இருக்கு.”

“கருவாட்டுக் கொழம்பு,” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க. தொட்டி பாதி.”

ஒவ்வொரு தடவையும் இதே சடங்கு. குழம்பைச் சொல்லாமல் தண்ணீர் வராது. காதெல்லாம் சுட, குழம்பைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பேன். நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்த வாரமே வீட்டில் எனக்குச் சோறு போட்டுவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

“தெருவே கேக்குது, உங்க வீட்ல தெனமும் கருவாடுதானான்னு.”

“அவரு கேக்குறாரு. என்ன பண்ணச் சொல்ற?”

“கேட்டா வஞ்சிரம்னு சொல்லுங்க. ஃபோனுக்கு மணக்கவா போவுது?”

மறுநாள் துணிந்து வஞ்சிரம் என்றேன்.

“காத்து சரியில்லைன்னு இன்னிக்குப் படகு ஒண்ணும் கடலுக்குப் போகலியே தம்பி. வஞ்சிரம் பஸ்ல வந்துச்சா?”

லைன் முழுக்கச் சிரிப்பு. அன்று மதியம் நான் கேன்டீனுக்குள் நுழைந்ததும் பரிமாறுகிறவர், “வஞ்சிரத்துக்கு ஒரு எலை,” என்றார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. சாயங்காலம் என்ஜினியர் சந்தோஷமாக வந்து நின்றார். “ஃபோன் சுத்திச் சுத்தி எடுக்க நேரமாவுது. ஒரு மைக் வாங்கித் தந்துடறேன். நீங்க இங்கேருந்து பேசினா மில்லு பூரா கேக்கும்.”

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக நானாக ஒருவரைத் தேடிப் பேசப் போனேன். ஸ்டோர்க்காரர் கவுன்டருக்குப் பின்னால் இருந்தார்.

“ஐயா, அந்த ஸ்பேர் கார்டு...”

“இருக்கு. பத்திரமா இருக்கு.”

“அதக் குடுத்தா...”

“ஸ்பேர்னா என்ன தம்பி? இருக்கணும். எடுத்து உங்ககிட்ட குடுத்துட்டேன்னு வைங்க. நாளைக்கு ஸ்பேர் எங்கேன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்?”

இன்றுவரை அதற்கு ஒரு சரியான பதில் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் மைக் நினைவு வந்தது. நகராமல் நின்றேன். பேசத் தெரியாதவன் நிற்பதில் ஒரு வசதி உண்டு, எதிராளிதான் பேசியாக வேண்டும். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், வைத்தார், பீரோவைப் பார்த்தார்.

“உங்களுக்காக இல்ல. நூலு அறுவுதுங்கிறாங்க. அதுக்காக,” என்று சாவியை எடுத்தார்.

கார்டைப் பட்டுத் துணியோடு இரண்டு கையிலும் ஏந்தி அவரே நடந்து வந்தார். கதவைத் திறந்து விடுவதும் வழி ஒதுக்குவதும் என் வேலை. பேனல் அறையில் என்ஜினியரும், அம்பகரத்தூர் பக்கத்து எலெக்ட்ரீஷியனும் காத்திருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் என் வயதுக்காரன், என்னை மாப்ள என்று கூப்பிட்டு எரிச்சல் கிளப்புகிறவன். பழையதை உருவினான். என் பஸ் டிக்கெட் கீழே விழுந்தது. புதியதைச் சொருகினான். கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

ஒரு விளக்கும் எரியவில்லை.

“போச்சா?” என்றார் என்ஜினியர்.

“அது எப்படிப் போவும், முசியே? வருஷா வருஷம் பூஜை போட்டு வச்ச பொருள்,” என்றார் ஸ்டோர்க்காரர். என்ஜினியர் அவருக்கு முசியேதான், பிரெஞ்சில் ஐயா.

எலெக்ட்ரீஷியன் கார்டை வெளியே இழுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். “நல்லாத்தான் மணக்குது,” என்றான்.

எல்லோரும் பார்த்தோம். பித்தளைக் கோடுகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. சந்தனம் வருஷத்துக்கு ஒரு பூச்சாகக் காய்ந்து, மேலே குங்குமம் இறுகி, சுவர் பூசியது போல ஏறியிருந்தது. கார்டு முழுவதிலும் பளபளப்பான இடம் அதுதான். மின்சாரம் போய்வரும் இடமும் அதுதான். வருஷா வருஷம் கன்னத்தில் போட்டுக்கொண்ட எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கும்பிடும்போது யார் கோடுகளைப் பார்க்கிறார்கள்?

“கெட்டுப்போகலீங்க,” என்றான் எலெக்ட்ரீஷியன். “மாப்ளக் கோலத்துல இருக்கு. பந்தலுக்கு வந்துடுச்சு, வேலைக்குப் போக மனசில்ல.” கத்தியை எடுத்தான்.

“கத்தி வேணாம்.” ஸ்டோர்க்காரரின் முகம் சிறுத்துப்போயிருந்தது. “வச்ச கைதான் எடுக்கணும்.”

காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதன் பின்பக்க ரப்பரால் தேய்த்தார். செம்மஞ்சள் தூள் என் மேஜையில் உதிர்ந்தது. நடுவில் ஒருமுறை கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்டிருப்பார். நானும் வேண்டிக்கொண்டேன். என்னுடைய வேண்டுதல் மைக்கைப் பற்றியது.

கோடுகள் தெரிந்தன. அவரே சொருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உடனே மணி அடித்தது.

“தம்பி, இன்னும் கேக்கலியே நீங்க?”

“லைட்டு வந்துடுச்சு பாய். இனிமே கேக்க வேணாம்.”

“ஓ,” என்றார். பிறகு, “தொட்டி பாதி. சும்மா சொன்னேன்,” என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்வரிசையில் செத்துப்போன பழைய கார்டு பட்டுத் துணிமேல் உட்கார்ந்திருந்தது. இந்த முறை சந்தனம் அதன் முதுகில்.

“இது எதுக்குங்க?” என்றான் எலெக்ட்ரீஷியன்.

“ஸ்பேர்னு ஒண்ணு இருக்கணும்ல.”

“வேல செய்யாதது எப்படி ஸ்பேரு?”

ஸ்டோர்க்காரர் சந்தனக் கிண்ணத்தோடு என் பக்கம் திரும்பினார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“கார்டு படுத்தப்ப அந்த வேலையப் பாத்தது யாரு? இவருதானே. இங்க வாங்க தம்பி.”

சிரிப்புக்கு நடுவே என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். நெற்றியில் சந்தனம் குளிர்ந்தது.

“வாயில படாம வைங்க ஐயா,” என்றான் எலெக்ட்ரீஷியன். “அப்புறம் இதுவும் வேல செய்யாது.”

பொரி வாங்க வந்திருந்த பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் எதிரே நின்றார். “தண்ணி எவ்வளவுன்னு ஒரு தடவ கேளுங்க தம்பி. சரியா இருக்கான்னு பாத்துடுவோம்.”

மில்லே பார்த்துக்கொண்டிருந்தது. காது சுட்டது.

“நல்லாயிருக்கீங்களா பாய்?” என்றேன்.

பாய் ஸ்டோர்க்காரரைத் திரும்பிப் பார்த்தார். “வேல செய்யுது,” என்றார். “பீரோவுல வச்சுப் பூட்டிடுங்க.”