தண்ணீர் தெளித்து விடப்பட்டவர்

என் அக்காள் கணவருக்குச் சந்தையில் வெண்கலம் என்று பெயர். காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். லாரிகள் வந்து நின்றதும் தக்காளிப் பெட்டிகளின் மேல் ஏறி நின்று, ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவர் ஆரம்பித்தால், வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூட விலை தெரிந்துகொண்டுதான் உள்ளே வருவான். மைக் வாங்கித் தருகிறோம் என்று சங்கத்தார் சொன்னபோது, "எதுக்கு, மைக்கு செவிடாப் போகவா?" என்று கேட்டாராம். வீட்டிலும் அதே தொண்டைதான். அத்தான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

எனக்கு அவரைப் பிடிக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் வரும், அது யார்மேல் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

எங்கள் வீடு பழைய கிறிஸ்தவ வீடு. கைக்குழந்தையிலேயே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடும் சபை எங்களுடையது. அத்தான் வேறு மதம். எங்கள் வீட்டில் பெண் எடுத்ததற்காக அவருடைய அப்பா அவரைத் தலைமுழுகினார். அந்த வீட்டுக் கதவு அதன் பிறகு அவருக்குத் திறக்கவே இல்லை. அதற்காக அவர் எங்கள் பக்கமும் வந்துவிடவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து கோயில் கேட்டில் இறக்கிவிட்டு, எதிர்க்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "உள்ள வாங்களேன் அத்தான்" என்று நான் வம்புக்கு இழுத்தால், "உள்ள வந்தா பாடச் சொல்லுவீங்க. நான் பாடினா கூரை யாரு கட்டித் தர்றது?" என்பார்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. பெட்டிமேல் நின்று கத்தியதாலா, இறங்கி வந்து ஊதிய சிகரெட்டாலா என்று கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லவில்லை. குரல்வளையை அப்படியே எடுத்துவிட்டு, கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். இனி மூச்சு மூக்கு வழியாக இல்லை, வாய் வழியாகவும் இல்லை. அந்தத் துளைதான் எல்லாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்தது, உள்ளே இருந்ததைத்தான் எடுத்துவிட்டார்களே. சங்கத்தார் வந்து பார்த்தார்கள், பழம் வைத்தார்கள், அடுத்த வாரமே வேறொருவனைப் பெட்டிமேல் ஏற்றிவிட்டுக் கை கழுவினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது நர்ஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தலைக்கு ஊற்றக் கூடாது. கழுத்துக்குக் கீழே துடைத்துவிட்டால் போதும். அந்தத் துளைக்குள் அரை டம்ளர் தண்ணீர் போனாலும் அது நேரே நுரையீரலுக்குத்தான் போகும். எனக்குத் தையல் தொழில். துளைக்கு மேல் தொங்கவிட, மெல்லிய துணியில் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்துக் கொடுத்தேன். முதல் மறைப்பைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, பால் குடிக்கும் குழந்தை மாதிரி விரல் சூப்பிக் காட்டினார். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவருடைய சிரிப்புக்குச் சத்தம் இல்லை, துணி மட்டும் ஆடியது.

அந்த நோய்க்காலத்தில்தான் அக்காள் சபை மாறினாள். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஹால். இளவயதுப் பாஸ்டர், நல்ல பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் வந்தவர். ஆனால் அங்கே தெளிப்பு செல்லாது. மேடைக்குக் கீழே பலகையைத் தூக்கினால் தொட்டி. அதில் இறங்கி முழுசாக முழுகி எழ வேண்டும், அதுதான் முழுக்கு ஞானஸ்நானம். ஒரு நெட்டையான ஆளுக்கு முழங்கை தண்ணீருக்கு மேல் தெரிந்துவிட்டது என்று சபைப் பெரியவரான மூப்பர் சொல்ல, மறுபடி முக்கி எடுத்தார்களாம். அக்காள் நாற்பத்தெட்டு வயதில் அந்தத் தொட்டியில் முழுகினாள்.

அத்தானும் கூடவே போக ஆரம்பித்தார். இந்த முறை கேட்டோடு நிற்கவில்லை, மாடி ஏறிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பேச முடியாதவருக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் ஏதோ தட்டிப் பாஸ்டரிடம் நீட்டினார். 'நான் நம்புகிறேன்' என்று இருந்தது. பாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நம்பிக்கையை வாயால் அறிக்கை செய்ய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வாய்க்குப் பதிலாகக் கை தூக்கினால் போதும் என்று பாஸ்டரே சொன்னார்.

முழுக்குக்கு மட்டும் பதில் இல்லை. பாஸ்டர் இரண்டு மூன்று தடவை மூப்பர்களோடு உட்கார்ந்து பேசினார். முழுக்கு என்றால் முழுக்குத்தான், ஆளுக்கு ஆள் மாற்ற முடியாது என்று வந்து நின்றது. அந்தத் துளை மூட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பதாக அக்காள் வந்து சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஓட்டை மூடினா அந்த நிமிஷமே ஆளு காலிக்கா. அதுக்கா ஜெபம் பண்றாங்க?"

"வாய மூடுடி."

"வாய்க்கு விலக்கு குடுத்தாங்கல்ல? கழுத்துக்குக் குடுக்க மாட்டாங்களாமா? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?"

அக்காள் எழுந்து போனாள். அடுத்த மாதம் நுரையீரலில் புள்ளி தெரிந்தது. இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்து நானே பேச்சை எடுத்தேன்.

"எங்க சபை ஐயாவக் கூட்டிட்டு வரேன்க்கா. தலையில நாலு சொட்டு. கழுத்துல கனமாத் துண்டு கட்டிக்கலாம். அத்தானுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது தெளிப்பு."

"தண்ணி தண்ணிதானேக்கா?"

"டாக்டரு ஏற்கெனவே தண்ணி தெளிச்சு விட்டுட்டாரு. நீயும் தெளிச்சு விடணுமா?"

"சிலுவையில ஆண்டவருக்குப் பக்கத்துல தொங்கினானே ஒரு கள்ளன், அன்னைக்கே பரலோகம் போனானே, அவனுக்கு யாரு முழுக்குக் குடுத்தா?"

"கேட்டேன்டி. நான் கேக்காம இருப்பேனா? அவன் கையில ஆணி அடிச்சிருந்துச்சு, இறங்கி வர வழியில்ல, உங்க வீட்டுக்காரருக்குக் கைகாலு நல்லாத்தானே இருக்குன்னு மூப்பர் சொன்னாரு."

"கழுத்துல இருக்கறது ஆணியடிச்ச ஓட்டை இல்லையா? பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நான் உள்ள இருப்பேன், இவரு கேட்டுக்கு வெளிய உக்காந்திருப்பாரு. இருபது வருஷம் அப்படித்தான் போச்சு. மேல போயி அங்கயும் அப்படியே நிக்கணுமாடி? நான் உள்ள, இவரு வெளிய. அங்க பாட்டு முடிஞ்சு திரும்பி வரவும் வழி இல்லையே."

நான் வாயாடி என்று பெயரெடுத்தவள். அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒன்றை நினைத்து ஆத்திரமாக வந்தது. ஒருவரைக் கைவிடுவதற்கு நாம் சொல்லுகிற பேச்சையெல்லாம் பாருங்கள். கை கழுவுவது, தலைமுழுகுவது, தண்ணீர் தெளித்து விடுவது. மூன்றும் தண்ணீர்தான், மூன்றும் இந்த ஒரே மனிதருக்கு நடந்துவிட்டது. அவரைச் சேர்த்துக்கொள்ளவும் தண்ணீர்தான் வேண்டுமாம்.

அதற்குப் பிந்தைய வாரம், புதிதாகத் தைத்த மறைப்புகளை எடுத்துக்கொண்டு மத்தியான வேளையில் அக்காள் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. ஹால் முழுக்கத் தண்ணீர். பின்னறையில், சந்தையில் கேரட் கழுவுகிற நீளமான பிளாஸ்டிக் தொட்டி, பாதி நிறைந்து நின்றது. சுமைதூக்குகிற இரண்டு பேர் காலையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்களாம். போர்வை துவைக்க என்று அக்காள் சொல்லியிருக்கிறாள்.

அத்தான் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். துளை வழியாக இருமினார், ஒவ்வொரு இருமலுக்கும் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வந்தது. அக்காள் சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடைய கல்யாணத்தன்றுகூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"முடிஞ்சுதுடி!" என்றாள்.

"என்னக்கா பண்ணின?"

"இவருதான் சரின்னாரு. நான் கேட்டேன், தொடையில ஒரு தட்டுத் தட்டினாரு. சந்தையில வியாபாரம் முடிஞ்சா தட்டுவாரே, அதே மாதிரி. ஓட்டைமேல பிளாஸ்டிக் கவரு வெச்சு சுத்தியும் பிளாஸ்திரி ஒட்டினேன். மேல என் கையையும் வெச்சு அழுத்திக்கிட்டேன். பாஸ்டர் சொல்றதையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லி முக்கினேன். முதல் தடவ நல்லாத்தான் எந்திரிச்சாரு."

"முதல் தடவையா?"

"தொட்டி பத்தல. முட்டி வெளிய தெரிஞ்சுது. முழுசா முழுகணும்ல? அதான் முட்டியக் கீழ தள்ளி இன்னொரு தடவ... அப்பத்தான் பிளாஸ்திரி விட்டுப்போச்சு."

நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். போகும் வழியில் அக்காள் என் காதோரம், "பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம். பொம்பள குடுத்தது செல்லாதுன்னு யாராவது சொல்லிட்டா?" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குப் பயம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கேட்டார். அக்காள் வாய் திறப்பதற்குள் அத்தான் போனைக் கேட்டு வாங்கினார். 'குளிக்கும்போது வழுக்கிவிட்டேன்' என்று தட்டிக் காட்டினார். டாக்டர் திரும்பியதும் என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைத்தார். பேச முடியாத மனிதர் என்னைப் பேசாதே என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். கடைசி மணிநேரங்களில் அவர் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. மூச்சுக்காக ஒரு மனிதன் அப்படித் தவிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குத் தெரியவே வேண்டாம்.

அக்காள் அதிகம் அழவில்லை. "உள்ள போயிட்டாருடி. கேட்டுக்கு வெளிய இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அடக்கம் வரைக்கும் இரண்டு நாளும் நடமாடினாள்.

அடக்க ஆராதனை அந்த மாடி ஹாலில் நடந்தது. சந்தைக்காரர்கள் வந்திருந்தார்கள். தொட்டியை மூடிய பலகையின் மேல்தான் பெட்டியை வைத்திருந்தார்கள். பாஸ்டருக்கு நிஜமாகவே குரல் உடைந்தது.

"நம்ம அண்ணன் முழுக்கு எடுக்காமப் போயிட்டாரேன்னு சிஸ்டருக்கு மனசுல வேதனை இருக்கும். வேண்டாம் சிஸ்டர். சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன நினைச்சுப் பாருங்க. அவன் எந்தத் தண்ணியில முழுகினான்? கடைசி நேரத்துல நம்பினான், அவ்வளவுதான். ஆண்டவர் இருதயத்தப் பாக்கறவர். நம்ம அண்ணன் நம்பினாரு. எனக்குச் சந்தேகமே இல்ல, அவரு இன்னைக்கு அங்கதான் இருக்காரு."

எல்லோரும் ஆமென் என்றார்கள். மூப்பரும் சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காளின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. பிறகு விட்டுவிட்டு எழுந்தாள்.

பாஸ்டர் ஆறுதல் சொல்ல இறங்கி வந்தார்.

"அப்ப தண்ணி வேண்டாமா பாஸ்டர்?" என்று அக்காள் கேட்டாள். சின்னக் குரல், பக்கத்தில் இருந்த எனக்குத்தான் கேட்டிருக்கும்.

"வேண்டாம் சிஸ்டர். விசுவாசம் போதும். நீங்க தைரியமா இருங்க."

"இத ஏன் அவரு உயிரோட இருக்கும்போது நீங்க சொல்லல?"

பாஸ்டருக்குத் தொட்டியைப் பற்றித் தெரியாது, முட்டியைப் பற்றித் தெரியாது. எதுவுமே தெரியாது. அதனால்தான் ஒளிக்காமல் சொன்னார். பெரிய ரகசியத்தைப் பகிர்ந்துகொள்வது போலக் குனிந்து, அக்காளின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டு, மிருதுவாகச் சொன்னார்.

"உயிரோட இருக்கறவங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டா, அப்புறம் யாரு சிஸ்டர் முழுக்கு எடுப்பாங்க?"