தொண்ணூற்றேழு என்று காட்டிய முதல் வரி

கல்யாண வீடுகளில் வீடியோவுக்கு லைட் பிடிப்பது என் தொழில். லைட்காரனுக்கு ஒரு வசதி உண்டு. வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழும், அவன் முகத்தில் விழாது. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கக் கூசும் எனக்கு அதைவிடத் தோதான வேலை வாய்த்திருக்காது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு அவனியாபுரம் பக்கம் கட்டட வேலைகளில், கொத்தனாருக்குக் கலவை தூக்கிக் கொடுக்கும் கையாளாகப் பல வருடம் இருந்தேன். தோள்பட்டை விட்டுப்போனதும் தல்லாகுளத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் சேர்ந்தேன். நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கேசட் போய் சிடி வந்துவிட்டது. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெண் மாப்பிள்ளை தலையில் பூக்கள் உதிர்கிற மாதிரி வேலைப்பாடு எல்லாம் செய்து கொடுப்பார்கள். எங்கள் ஸ்டூடியோவில் அதைச் செய்தவள் முப்பது வயதுப் பெண். புருஷன் விட்டுப்போன பிறகு, தாயையும் மகளையும் அந்த ஒரு வேலையை வைத்துத்தான் காப்பாற்றி வந்தாள். என்னை "அண்ணே" என்பாள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே லைட் வயர்களுக்கு டேப் சுற்றுவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போலக் கடையைக் கழுவினோம். கேமரா, லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு முழம் கதம்பமும் சாத்தினோம். பூஜை முடிந்து, எதையும் தொடாமல் ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, அடுத்த நாள் வயர்களைத் திரும்ப மாட்டினோம். மாட்டினோம் என்ன, மாட்டியது நான்தான். முதலாளி வாசலில் தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் அன்றைக்கு லீவு.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

காலையில் ஓடவிட்டால் பிற்பகலில் முடிகிற கல்யாணப் படம், மறுநாள் காலையிலும் முடியவில்லை. படத்தை ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டும் கை அந்தரத்தில் நின்று நின்று போனது. பத்து நாளில் மூன்று கல்யாணம் தேங்கிவிட்டது. திருமங்கலத்துக்காரர் ஒருவர் கடைக்கே வந்து சத்தம் போட்டார். அவர் மகள் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாளாம், அதற்குள் சிடி கையில் இருக்க வேண்டுமாம். அவர் போனதும் முதலாளி அவள் பக்கம் திரும்பினார்.

"பாட்டு சிடி, பாட்டு சிடின்னு ஊரு சிடியெல்லாம் கொண்டாந்து சொருகுன. இப்ப வைரஸ் வந்து குத்தவச்சிருச்சு."

"இல்லண்ணே, நான் அப்படி எதையும்..."

"நீ ஒண்ணும் சொல்லாத. நம்ம சொந்தத்துல மாப்ள ஒருத்தன் சொந்தமா கம்ப்யூட்டரே வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கு வாரேன்னுட்டான். அதுக்குள்ள இது சரியாச்சுன்னா நீ இரு. இல்லாட்டி வேற எடம் பாத்துக்க."

அன்று புதன்கிழமை. அவள் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

வியாழன் காலையில் சர்வீஸ்காரர் வந்தார். மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினார். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் எண்கள். எந்த வேலை கம்ப்யூட்டரின் மூளையில் எவ்வளவு பங்கை எடுக்கிறது என்று காட்டும் கட்டம் அது என்றார். அப்போது எந்த வேலையும் ஓடவில்லை. ஆனாலும் முதல் வரியில் 97 என்று இருந்தது.

"பாத்தீங்களாண்ணே?" என்று அதில் விரலை வைத்தார். "சும்மா இருக்கும்போதே இவன் ஒருத்தன் தொண்ணூத்தேழு பங்கு திங்கிறான். அப்புறம் உங்க கல்யாணத்துக்கு என்ன மிஞ்சும்? இவன நிப்பாட்டிப் பாக்குறேன்." அமுக்கினார். முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. "பாருங்க, சாகவே மாட்டேங்கிறான்! மூளையே போச்சுண்ணே. ப்ராஸஸர மாத்தியாகணும்."

முதலாளி அவளைப் பார்த்த பார்வையில், வெள்ளிக்கிழமை அப்போதே வந்துவிட்டது மாதிரி இருந்தது. ப்ராஸஸர் எடுத்துக்கொண்டு மாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு சர்வீஸ்காரர் போனார். முதலாளியும் கோர்ட் பக்கம் ஒரு வேலையாகக் கிளம்பினார்.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எண்கள் தெரியும். பெயர்களை வாசிக்க முடியாததால் என் கண் எண்களிலேயே நின்றது. அவள் சோர்ந்துபோய் மௌஸை இங்கும் அங்கும் நகர்த்தினாள். 97 என்பது 90 ஆனது. கையை எடுத்தாள். மறுபடி 97.

"ஏம்மா, அத இன்னொரு தடவ ஆட்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அவளுக்கே புதிது. ஆட்டினாள். 89.

"மூளையத் திங்கிறவன் நாம வேல குடுத்தா ஏம்மா விட்டுக்குடுக்கணும்?"

"தெரியலயேண்ணே."

"கல்யாணத்த விட்டுட்டு வேற வேல ஏதாச்சும் போடேன். பெரிய வேலயா."

பெண் மாப்பிள்ளை பெயர் தங்க எழுத்தில் சுழன்று வரும் டைட்டில் ஒன்று பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை ஓடவிட்டாள். முதல் வரி சரசரவென இறங்கி 2 ஆனது. கீழே எங்கள் எடிட்டிங் வரி 98 ஆக ஏறியது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் இரண்டையும் எழுதிக் கூட்டினேன். நூறு. டைட்டில் முடிந்தது. மேலே 97, கீழேயிருந்த சில்லறை எண்கள் 3. அதுவும் நூறு. ஆறு தடவை எழுதினேன், ஆறும் நூறு.

"அவன் திங்கலம்மா," என்றேன். "அது மிச்சம். வேலையில்லாம சும்மா கெடக்குற பங்கத்தான் மொத வரியில எழுதிக் காட்டுது. அதான் அழிக்க முடியல. மூளை நல்லாத்தான் இருக்கு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப ஏண்ணே கல்யாணம் நகர மாட்டேங்குது?"

"கல்யாணத்தப் போடு. அந்த வரி எம்புட்டுன்னு பாப்போம்."

போட்டாள். 2க்கு இறங்கியிருக்க வேண்டிய வரி 65, 70 என்று நடுவிலேயே நின்றது. இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தும் மூளை மூன்றில் இரண்டு பங்கு நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தது. இந்தக் காட்சியை நான் சாரத்தின் மேல் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கீழேயிருந்து கலவை வரத் தாமதமானால் கொத்தனார் கரண்டியைச் செங்கல்லில் தட்டிக்கொண்டு நிற்பார். தூரத்திலிருந்து பார்க்கிற மேஸ்திரி கொத்தனார் சோம்பேறி என்பார். தப்பு கொத்தனார் மேல் இருக்காது. கலவை தூக்குகிறவன் மேல் இருக்கும். அதாவது என் மேல்.

"கல்யாணப் படமெல்லாம் எங்கம்மா இருக்கு? பெட்டிக்குள்ளயா?"

"இல்லண்ணே. இடம் பத்தாதுன்னு இந்த வெளி ஹார்ட் டிஸ்க்ல."

அவள் காட்டிய சின்னப் பெட்டியிலிருந்து வயர் வந்து, கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டையில் சொருகியிருந்தது. பூஜைக்கு முன்னால் அந்த வயர் பின்பக்கம் போகும். நான்தான் பூஜை முடிந்த பிறகு, பின்னால் குனிய அலுப்புப்பட்டு, கைக்கு எட்டிய முன் ஓட்டையில் மாட்டினேன். இரண்டு ஓட்டையும் ஒரே அளவு. வயர் உள்ளே போயிற்று, அது போதும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். கூடவே சர்வீஸ்காரரும், கையில் புது ப்ராஸஸர் டப்பாவோடு, மாலைக்கு முன்பே.

பேசாமல் வயரை மாற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடலாம். தானாகச் சரியானது மாதிரி இருக்கும். ஆனால் வைரஸ் பழி அவள் தலையிலேயே நின்றுவிடும். எழுந்து நின்றேன்.

"மொதலாளி, ப்ராஸஸர மாத்த வேணாம். அது கொத்தனார் மாதிரி, கை காஞ்சு நிக்கிது. கலவதான் போய்ச் சேரல. தப்பு தங்கச்சி மேல இல்ல. எம்மேல. பூஜை முடிஞ்சு இந்த வயர எடம் மாத்திச் சொருகுனது நான்."

சர்வீஸ்காரர் சிரித்தார். "என்னண்ணே, லைட்மேனு சர்வீஸு பாக்குறாரு, நான் லைட்டு தூக்கப் போகவா?"

"தோள் தாங்கும்னா வாங்க," என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதலாளியே சிரித்துவிட்டார். "சரி, செஞ்சு காட்டுய்யா," என்றார்.

அவள் வேலையை நிறுத்தினாள். நான் மேஜைக்குக் கீழே நுழைந்து வயரை உருவி, பின்பக்கம் பழைய இடத்தில் மாட்டினேன். அவள் கல்யாணத்தை மறுபடி ஓடவிட்டாள். கீழேயிருந்து எழுந்து வருவதற்குள் அவள் கத்துவது கேட்டது.

"அண்ணே, மூணு! மூணு காட்டுது!"

முதல் வரியில் 3. எங்கள் வரியில் 97. பக்கத்துக் கட்டத்தில் பச்சைக் கோடு மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. தாலி கட்டும் கை நிற்காமல் மூன்று முடிச்சும் போட்டது. நான்கு மணி நேரத்தில் முடியும் என்று திரை சொன்னது. எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. கையில் இருந்த உறையைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தேன்.

சர்வீஸ்காரர் குனிந்து, பின்பக்க ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆமாண்ணே, பின்னாடி வேகமான கார்டு தனியாப் போட்டிருக்கு. முன்னாடி இருக்கிறது பழசு, மெதுவு." பிறகு அவளிடம் கேட்டார்: "திரை மூலையில மஞ்சப் பெட்டி ஒண்ணு வந்துச்சா?"

"தெனமும் வருதே. நான் மூடிருவேன்."

"வயர் மெதுவான ஓட்டையில இருக்குன்னு அதுதான் சொல்லிருக்கு. நானும் படிக்கல." அவர் நல்ல மனுஷர். டப்பாவைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

முதலாளி போனை எடுத்தார். "மாப்ள, நாளைக்கு வர வேணாம்ப்பா. சரியாயிருச்சு... சர்வீஸ்காரன் இல்ல. எங்க லைட்மேன் கண்டுபிடிச்சாரு." கண்டுபிடிச்சாரு. அதுவரை அந்தக் கடையில் நான் "அவன்", "வந்தான்", "போனான்". போனை வைத்துவிட்டு அவளிடம், "நான் பேசினத மனசுல வச்சுக்காதம்மா" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்கிக் கிடந்த அடுத்த கல்யாணத்தைத் திறந்தாள். திருமங்கலத்துப் பெண் சிடியோடுதான் சிங்கப்பூர் போனாள்.

அதற்குப் பிறகு பக்கத்து ஸ்டூடியோக்களில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் எனக்கு ஆள் வரும். நான் போய் முதல் வரி எவ்வளவு என்று மட்டும் கேட்பேன். வேலை ஓடும்போது அது கீழே இருந்தால் மூளைக்கு உண்மையிலேயே வேலை அதிகம். மேலே இருந்தால் கலவை எங்கே நிற்கிறது என்று தேடுவேன். கேட்கும்போது குரல் நடுங்குவதும் கொஞ்ச நாளில் நின்றுபோனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி துணியோடு கம்ப்யூட்டர் பக்கம் போனார்.

"அண்ணே, அத நீங்க தொடாதீங்க," என்று அவள் குறுக்கே வந்து நின்றாள். "வயர் மாட்டுற ஆள் வேற இருக்காரு."

துடைத்து முடித்ததும் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்குக் கீழே போனேன். பெட்டியின் முகப்பில் ஏற்கெனவே பொட்டு வைத்தாகிவிட்டது. பின்பக்கம், சரியான அந்த ஓட்டைக்கு மேலே, யாரும் தவறவிட முடியாதபடி பெரிதாக இன்னொன்று வைத்தேன்.